பரணில் தூங்கும் மிக்சி, கிரைண்டர்கள்... ஆசையா வாங்கிட்டு அப்படியே விட்டது ஏன்?

காஞ்சீபுரம்:

தீபாவளி போனஸ் வந்தாச்சு... ஆடித் தள்ளுபடி போட்டாச்சு... பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு... காஞ்சீபுரத்தில் இந்த மூன்றில் எது நடந்தாலும் வீட்டுக்குள் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கும்.

முதல் வாரம் மஞ்சள், குங்குமம் வைத்து ஒரே கொண்டாட்டம். அடுத்த மாதம் அலமாரி மேல் தட்டு. அதற்கடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது பரண். அதோடு சரி.

வரதராஜப் பெருமாள் கோவிலில் அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒரு தடவைதான் அனந்தசரஸ் குளத்தில் இருந்து வெளியே வருவார். 1979-க்குப் பிறகு 2019-ல் வந்து 48 நாள் தரிசனம் கொடுத்தார். சில வீட்டுப் பரணில் இருக்கும் இடியாப்ப மெஷினும், சப்பாத்தி மேக்கரும் அந்தக் கணக்குக்குக் கூட வெளியே வராது போலிருக்கிறது!

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நெசவுக் கூலியில் தவணை கட்டும் வீட்டில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. பொருள் பரணுக்குப் போய்விடும், தவணை மட்டும் மாசாமாசம் வாசலில் வந்து நிற்கும். அதனால், எந்தப் பொருள் எதனால் சும்மா கிடக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அரசு கொடுத்த மூன்று

தமிழ்நாட்டில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் 2006-ல் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ஆண்டு சட்டசபைத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி, வீட்டுக்கு ஒரு இலவச கலர் டி.வி. ஆட்சிக்கு வந்ததும் 14 அங்குல டி.வி.க்கள் லாரி லாரியாக வந்து இறங்கின.

2011-ல் இரண்டு கட்சிகளும் போட்டி போட்டன. தி.மு.க. மிக்சி அல்லது கிரைண்டர் என்றது. அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. ஜெயித்த ஜெயலலிதா, 2011 செப்டம்பர் 15-ந்தேதி திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அது அண்ணா பிறந்த நாள். அண்ணா 1909-ல் பிறந்தது இதே காஞ்சீபுரத்தில். 'இலவசம்' என்ற சொல்லும் மாறி, 'விலையில்லா' என்று ஆனது.

1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகளுக்குக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது என்று திட்டம். இதை எதிர்த்து வழக்கும் நடந்தது. 2013 ஜூலை 5-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, தேர்தல் வாக்குறுதியாக இவற்றைச் சொல்வது சட்டப்படி லஞ்சம் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லி, தேர்தல் அறிக்கைகளுக்கு விதிமுறை வகுக்கும்படி தேர்தல் கமிஷனுக்கு உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொடுத்தது ரேஷன் கார்டு கணக்குக்கு. சமையல் நடப்பதோ அடுப்புக் கணக்குக்கு. அப்பா பெயரில் ஒரு கார்டு, மூத்த மகன் பெயரில் ஒன்று, இளையவன் பெயரில் ஒன்று என்று ஒரே வீட்டில் மூன்று கார்டு இருந்தால் மூன்று மிக்சி, மூன்று கிரைண்டர் வரும். அடுப்பு ஒன்றுதான். ஏற்கனவே சீர்வரிசையில் வந்த மிக்சி வேறு உள்ளே இருக்கும். மிச்சம் எல்லாம் எங்கே போகும்? மேலேதான் போகும். சிலது கைமாறிப் போனது ஊரறிந்த ரகசியம்.

ஆனால் மின்விசிறி மட்டும் பரணுக்குப் போகவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். அதை எடுத்து வைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம். சுவிட்சைப் போட்டால் போதும். சும்மா கிடக்கும் பொருள் எது, ஓடும் பொருள் எது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கிரைண்டரைத் தோற்கடித்த மாவுக் கடை

பரணில் அதிகம் கிடப்பது கிரைண்டர்தான். அதற்குக் காரணம் சோம்பல் என்று மாமியார்கள் சொல்வார்கள். அது நியாயம் இல்லை.

வெட் கிரைண்டர் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு. 1955-ல் கோவையைச் சேர்ந்த சபாபதி என்பவர் உருவாக்கினார் என்று சொல்வார்கள். காஞ்சீபுரம் பட்டுக்கு இருப்பது போலவே கோவை வெட் கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு உண்டு. மிக்சி கதை வேறு. 1963-ல் மும்பையில் சீமன்ஸ் கம்பெனி என்ஜினீயர் சத்யபிரகாஷ் மாத்தூர், மனைவி வைத்திருந்த ஜெர்மன் மிக்சி நம்ம ஊர் அரவைக்குத் தாங்காமல் போனதால், தானே ஒன்றைச் செய்தார். அதுதான் 'சுமீத்'. 1978-ல் சென்னையில் 'பிரீத்தி' வந்தது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கொடுத்தது இந்த இரண்டும்தான். பெண்களின் தோள்பட்டைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஆட்டுக்கல்லில் மாவாட்டிய பாட்டிகளைக் கேட்டால் தெரியும்.

அப்படி இருக்க, கிரைண்டர் ஏன் சும்மா கிடக்கிறது?

கரண்டு செலவு என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. டேபிள் டாப் கிரைண்டர் மோட்டார் சுமார் 150 வாட். 40 நிமிஷம் ஓடினால் 0.1 யூனிட். அதாவது ஒரு யூனிட் கரண்டில் 10 தடவை மாவு அரைக்கலாம். அதைவிட மலிவு வேறு என்ன இருக்கிறது?

செலவு கரண்டில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. 10 கிலோவுக்கு மேல் கனக்கிற கிரைண்டரைத் தூக்கி வைக்கணும். அரிசி, உளுந்தை ஊற வைக்கணும். உளுந்தைத் தனியா, அரிசியைத் தனியா அரைக்கணும். நடுநடுவே தண்ணி தெளிச்சு தள்ளி விடணும். கடைசியா கல்லைக் கழட்டிக் கழுவணும். 'இதுக்கு ரெண்டு பாக்கெட் மாவு வாங்கிட்டா என்ன?' என்பதுதான் பல வீட்டுப் பேச்சு.

பட்டு நெசவு வீட்டில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் கூடுதல். அங்கே மாதச் சம்பளம் கிடையாது. சேலை முடிந்தால்தான் கூலி. தறியில் உட்கார்ந்திருப்பது ஒருத்தர் என்றாலும் வேலை செய்வது மொத்தக் குடும்பம். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கூட நாடா போட வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை வீட்டுப் பெண்கள் தலையில்தான். அவர்கள் எழுந்து மாவு அரைக்கப் போனால் தறி நிற்கும். தறி நின்றால் சேலை தள்ளிப் போகும். சேலை தள்ளிப் போனால் கூலியும் தள்ளிப் போகும்.

மாவுக் கடையில் ஒரே பெரிய கிரைண்டர், தெருவுக்கே அரைக்கிறது. தெருவில் 40 வீட்டில் 40 கிரைண்டர் ஓடுவதைவிட அது எல்லோருக்கும் லாபமாகத் தெரிகிறது. ஆக, கிரைண்டரைப் பரணுக்கு அனுப்பிய வீடு, கணக்குத் தெரிந்த வீடுதான். என்ன, அந்தக் கணக்கைக் கிரைண்டர் வாங்குவதற்கு முன்னாடியே போட்டிருந்தால் காசு மிச்சம்.

சரி, மிக்சியிலேயே இட்லி மாவு அரைத்தால் என்ன? அரைக்கலாம், ஆனால் இட்லி அவ்வளவு நன்றாக வராது. மிக்சி பிளேடு நிமிஷத்துக்கு 20 ஆயிரம் சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தில் மாவு சூடாகும். உளுந்து பொங்காது. கிரைண்டர் கல் மெதுவாக உருளும், மாவில் காற்று ஏறும், உளுந்து பஞ்சு மாதிரி பொங்கும்.

காஞ்சீபுரம் இட்லிக்கு இது இன்னும் முக்கியம். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கிற குடலை இட்லிக்கு மாவு கரகரப்பாக இருக்க வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேக வைப்பார்கள். மைய அரைத்த மாவு அதற்குச் சரிப்படாது. எனவே வீட்டில் கோவில் இட்லி செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பரணில் இருக்கும் கிரைண்டரை இறக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

கரண்டு அடுப்பு மாட்டிக்கொண்ட கதை

அடுத்த இடம் இண்டக்ஷன் அடுப்புக்கு.

2012 செப்டம்பரில் மத்திய அரசு, மானிய விலை கேஸ் சிலிண்டர் வருஷத்துக்கு 6-தான் என்று அறிவித்தது. இல்லத்தரசிகள் பதறிப் போனார்கள். கரண்டு அடுப்பு வாங்கக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. வேடிக்கை என்னவென்றால், அதே நேரத்தில்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்டு கிடையாது! அடுப்பு இருக்கும், கரண்டு இருக்காது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்றால், 2 ஆயிரம் வாட் அடுப்பைச் சாதாரண இன்வெர்ட்டர் தாங்காது.

அப்புறம் 2013 ஜனவரியில் சிலிண்டர் 9 ஆனது, 2014-ல் 12 ஆனது. மின்வெட்டும் பிறகு குறைந்தது. ஆனாலும் அடுப்பு மேலே ஏறியது ஏறியதுதான். ஏன்?

காரணம் பாத்திரம். இண்டக்ஷன் அடுப்பு மற்ற அடுப்பு மாதிரி சூடாவதில்லை. கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் கரண்டு பாயும்போது உண்டாகும் காந்தப்புலம், மேலே இருக்கும் பாத்திரத்தையே சூடாக்குகிறது. அதற்குப் பாத்திரத்தின் அடிப்பாகத்தில் காந்தம் ஒட்ட வேண்டும். அலுமினியக் குண்டான் ஆகாது. பித்தளைத் தவலை ஆகாது. சீர்வரிசையில் வந்த எவர்சில்வரில் பலதும் ஆகாது. உருண்டை அடி உள்ள வாணலியும் ஆகாது. அடுப்பு வாங்கிய விலைக்குப் பாத்திரமும் வாங்க வேண்டும் என்று தெரியும்போது ஆசை பாதி குறைந்துவிடும்.

இதை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம். கடைக்குப் போகும் முன்பு பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் சின்ன காந்தத்தை எடுத்து, வீட்டுப் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்டியா ஒட்டினால் சரி. வழுக்கி விழுந்தால் அந்தப் பாத்திரம் கேஸ் அடுப்புக்குத்தான்.

கரண்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2 ஆயிரம் வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 2 யூனிட். இரண்டு மாசத்துக்கு 120 யூனிட். 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசத்தை இந்த ஒரு அடுப்பே விழுங்கிவிடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் இன்னொரு அடி. 101 முதல் 200 யூனிட் வரைக்கும் உள்ள குறைந்த விலை கிடைக்காமல் போகும். கைத்தறி நெசவாளர்களுக்கு 2023 மார்ச் முதல் இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசமாக உயர்த்தப்பட்டது. அது கைத்தறி நெசவுக்காக வந்த சலுகை. கரண்டு அடுப்பை நம்பி அதைக் கரைத்தால் தறிக்குத்தான் நஷ்டம்.

மைக்ரோவேவ் ஓவன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அதில் எவர்சில்வர் வைக்கக் கூடாது. நம்ம சமையலறையில் எவர்சில்வரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கடைசியில் பல வீட்டில் அதற்குள் பிரெட் பாக்கெட், மருந்துச் சீட்டு, கேஸ் பில். சப்பாத்தி மேக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொருட்காட்சி ஸ்டாலில் செய்து காட்டுகிறவர் கையில் சப்பாத்தி பூரி மாதிரி உப்பும். வீட்டில் அப்பளம் ஆகும். மாவை வழக்கத்தைவிட இளக்கமாகப் பிசைய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது.

தறி இருக்கும் வீட்டில் இடம் ஏது?

பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீட்டுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது தறிதான். கூடத்தில் பாதியைக் குழித்தறி எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில்தான் படுக்கை, படிப்பு, டி.வி. எல்லாம். சமையலறை மேடை இரண்டு கை அகலம். அதில் அடுப்பு வைத்தது போக மிக்சிக்கு இடம் கிடைத்தாலே பெரிசு.

ஒரு பொருள் மேடையிலேயே, பிளக்குக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக இருந்தால் தினமும் ஓடும். அட்டைப்பெட்டியில் இருந்து எடுத்து, ஓட்டி, மறுபடி பெட்டியில் வைக்க வேண்டும் என்றால் அது ஓடாது. புதுப் பொருள் வாங்கும் முன்பு விலையைக் கேட்பது போல, 'எங்கே வைக்கிறது?' என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் பாதிப் பொருள் கடையிலேயே நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல், மழை. ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் ஈரம் ஏறும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட முடியாது. வேலை மந்தம், கூலியும் மந்தம். ஆனால் தீபாவளிக்கு வாங்கிய பொருளின் முதல் இரண்டு, மூன்று தவணை வந்து விழுவது சரியாக அந்த மாசங்களில்தான். தவணைக்கு வாங்குகிறவர்கள் தை மாசத்துக்குத் தள்ளிப் போட்டால் மூச்சு விடலாம்.

வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கத்தைப் பற்றிக் காஞ்சீபுரத்துக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்பதும் உண்மை. இங்கே நெய்யும் முகூர்த்தப் பட்டு, பல வீட்டு பீரோவில் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. அதையே சில மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றி வைக்காவிட்டால், மடித்த இடத்தில் ஜரிகை விட்டுப் போகும். சேலைக்கே இப்படி என்றால் மோட்டாருக்குக் கேட்க வேண்டுமா?

சும்மா வைத்தாலும் கெடும்

பரணில் கிடக்கும் பொருள் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது தவறு. கிரைண்டர் பெல்ட் வெடிக்கும். மிக்சி ஜாரின் ரப்பர் கல்லாகும். வயரை எலி கடித்திருக்கும். இண்டக்ஷன் அடுப்புக்குள் கரப்பான் குடும்பம் நடத்தும். இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீர் வற்றிச் செத்துப் போகும். பல மாசம் தண்ணீர் ஓடாத வாட்டர் பியூரிபயரை அப்படியே போட்டு, வருகிற தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பில்டர், மெம்பரேன் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

பரணில் இருந்து இறக்கிய எதையும் நேராக பிளக்கில் சொருகக் கூடாது. முதலில் வயரை முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். மூன்று முனை பிளக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்வது உயிருக்கு நல்லது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பழைய கிரைண்டரைப் போட்டுப் பார்ப்பது விபரீதம்.

அதே சமயம், கெட்டுப் போச்சு என்று பரணில் போட்ட மிக்சியில் பலது உண்மையில் கெட்டே இருக்காது. மிக்சியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்புக் கலரில். அளவுக்கு மேல் போட்டு அரைத்தால் மோட்டார் கருகிவிடாமல் இருக்க, அந்த பட்டன் தானாக வெளியே வந்து கரண்டை நிறுத்திவிடும். பிளக்கைக் கழற்றி, மோட்டார் ஆறும்வரை விட்டு, அதை உள்ளே அழுத்தினால் மிக்சி மறுபடி ஓடும். இது தெரியாமல் புது மிக்சி வாங்கியவர்கள் எத்தனையோ பேர்!

மோட்டார் சத்தம் கேட்கிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கும். அது ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம். மிக்சி விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. எந்த ரிப்பேர் கடையிலும் நின்ற நிலையில் மாட்டித் தருவார்கள்.

பழைய டி.வி. என்ன ஆச்சு?

2006-ல் தொடங்கிக் கொடுத்த கலர் டி.வி. மட்டும் ஆரம்பத்தில் சும்மா கிடக்கவே இல்லை. ராத்திரி பகலாக ஓடியது. தட்டை டி.வி. வந்த பிறகுதான் அது பரணுக்குப் போனது. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய டி.வி. பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். செம்புக் கம்பிக்கு ஆசைப்பட்டு அதைத் தெருவில் போட்டு உடைப்பதும், வயரை எரித்துக் கம்பி எடுப்பதும் பிள்ளைகளின் உடம்புக்கு விஷம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இப்படிப்பட்ட கழிவை முறையாக மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. எனவே காயலான் கடைக்காரரிடம் எடைக்குப் போடும் முன்பு, புது டி.வி. வாங்கும் கடையில் பழசை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்கலாம்.

எக்ஸ்சேஞ்ச் மேளா சமயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய மிக்சிக்கு இவ்வளவு ரூபாய் கழிவு என்று போர்டு வைப்பார்கள். பழைய மிக்சி ஓட வேண்டும் என்றுகூடச் சில கடையில் கேட்பதில்லை. அந்தக் கழிவைக் கழிப்பதற்கு முன்பு புது மிக்சிக்குப் போட்டிருக்கும் விலை என்ன, அதே மாடல் பக்கத்துக் கடையில் கழிவு இல்லாமல் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று இரண்டையும் விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு பரண் ஏறலாம்.